இரண்டரை மணிக்குத் திருத்தப்பட்ட கோப்பு

மாத்தளை மாவட்டத்தில் பேய் கிடையாது. இதை எழுத்தில் நிரூபித்த முதல் மனிதன் நான். எங்கள் தொழில்நுட்பக் கல்லூரியின் சுவர்ப்பத்திரிகையில், மூன்று பாகங்களாக, படத்துடன் நிரூபித்தேன். மறுப்பு எதுவும் வரவில்லை. பேய்களிடமிருந்தும் வரவில்லை.

அப்படிப்பட்ட நான் சொல்கிறேன். இது நடந்தது. நேரங்கள் எல்லாம் என் ஃபோனில் பார்த்தவை.

மூன்றாம் பாகம் என் வகுப்புத் தோழி றுஸைனாவைப் பற்றியது. காலை 8.05க்கு லேபுக்குள் முதலில் நுழைவது அவள்தான். நுழையும்போதே சலாம் சொல்வாள் என்று கேட்டடிக் காவலுக்கு இருக்கும் ரஜனி அக்காதான் சொன்னார். ஆளில்லாத வீட்டுக்குள் போனால் சலாம் சொல்வது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் இது வீடில்லை. உள்ளே இருப்பது பதினாறு கொம்பியூட்டர், கூட்டுவதற்கு ஒரு தும்புத்தடி.

"தும்புத்தடி பதில் சலாம் சொல்லிச்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா ஒங்களுக்கென்ன நப்லான், பொறாமையா?"

பொறாமைதான். ஆனால் காரணம் வேறு.

வில்கமுவப் பக்கம் யானை வராமல் தடுக்கும் மின்வேலிக்கு எங்கள் கல்லூரி ஒரு புரோகிராம் செய்தது. எந்தக் கம்பத்தில் கம்பி அறுந்தாலும் அந்தக் கம்பத்தின் இலக்கத்தைச் சொல்லி சைரன் அடிக்கும். லேப் லினக்ஸில் அது அழகாக ஓடியது. வில்கமுவயில் இருந்ததோ வேறு ஜாதி யூனிக்ஸ் ஓடும் கிழட்டு மெஷின். எங்களுக்குப் படிப்பிக்கும் சேர் அதை வேனில் ஏற்றி லேபுக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த மெஷினில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, எதை எப்படிச் செய்யும் என்று புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஹெடர் கோப்பு வேண்டும். வரிவரியாக இருக்கும். உண்டென்றால் 1, இல்லையென்றால் 0.

நானும் றுஸைனாவும் ஆளுக்கொன்று எழுதினோம். எவருடையது ஓடுகிறதோ அவருக்கு வில்கமுவயில் ஆறு மாத வேலை. ஒரே ஓர் இடம்.

என் ஹெடரில் 214 பிழை.

அவளுடையதில் ஒன்றுகூட இல்லை.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பொசன் போயா, பௌர்ணமி. கல்லூரிக்கு லீவு. மறுநாள் காலை சேர் முன்னால் பரீட்சித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

கேட்டடியில் ரஜனி அக்கா தன்சலில் இலவசமாகக் கொடுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார். லேப் சாவி அவரிடம்தான்.

"என்னா தம்பி, போயா அன்னிக்கும் படிப்பா?"

"சார்ஜர விட்டுட்டேன் அக்கா."

பிற்பகல் 2.11. கதவைத் திறந்தேன். நல்ல வெயில். தூரத்தில் விகாரை ஒலிபெருக்கியில் பிக்கு பண ஓதும் சத்தம். வாசலில் நின்று, சும்மா ஒரு பகிடிக்கு, உள்ளே பார்த்துச் சொன்னேன்:

"யாராவது இருந்தா கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை.

கிழட்டு மெஷினில் அவளுடைய ஹெடரைத் திறந்தேன். எனக்கு வேண்டியது ஒரே வரி. எண்களை எந்த முனையிலிருந்து வாசிக்க வேண்டும் என்று சொல்லும் வரி. அதிலுள்ள 1ஐ 0 ஆக்கினால் போதும். பிழை எதுவும் காட்டாது. ஆனால் மூன்றாம் கம்பத்தில் கம்பி அறுந்தால், 768ஆம் கம்பம் என்று கத்தும். அங்கே இருப்பதோ மொத்தம் நாற்பது கம்பம். சேர் முன்னால் அவள் முகம் போகும் போக்கை நினைத்தேன். அந்த மூன்றாம் கம்பத்துக்குப் பின்னால் வயலும் வீடும் இருப்பதை நான் நினைக்கவில்லை.

2.17. மாற்றினேன். சேமித்தேன். ஓடவிட்டேன்.

ஓர் எச்சரிக்கை வந்தது. கோப்பு திருத்தப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறதாம்.

பார்த்தேன். திருத்தப்பட்டது: இன்று, 2.30.

ஃபோனில் 2.18. சுவர்க் கடிகாரத்தில் 2.18. அந்த மெஷினின் கடிகாரத்திலும் 2.18.

கோப்பைத் திறந்தேன். அந்த வரியில்... 1.

சேமிக்க மறந்திருப்பேன். மறுபடி 0. சேமித்தேன். மூடினேன். திறந்தேன்.

1. திருத்தப்பட்டது 2.30.

மெஷினில் நெட்வேர்க் வயர் இருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பார்த்தேன். இல்லை. பக்கத்துக் கதிரையில் தற்செயலாகக் கை பட்டது. இருக்கை சூடாக இருந்தது. வெயில் படாத மூலை அது...

2.26. மூன்றாம் முறை. 0. சேமித்தேன். திறந்தேன்.

1.

அதற்குக் கீழே புதிதாக ஒரு குறிப்பு வரி. ஆங்கில எழுத்தில், தமிழில்:

/* kaiya thookkittuthaan irukken */

கையத் தூக்கிட்டுத்தான் இருக்கேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பண ஓதும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியாது.

2.29. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.30.

டக்.

கீபோடில் K தானாக அமுங்கியது.

டக்... A.

டக்... I.

மிச்சத்தை நான் ஏற்கனவே வாசித்துவிட்டேன். எழும்பி ஓடினேன்.

கேட்டடியில் ரஜனி அக்கா கேட்டார். "சார்ஜர் எங்க தம்பி?"

மறுநாள் காலை சேர் லேபில் கட்டிய மாதிரி வேலியில் ஒரு கம்பியை அறுத்துக் காட்டினார். சைரன் அடித்தது. "கம்பம் மூன்று" என்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேலை அவளுக்கு.

வில்கமுவ போக முதல்நாள், கன்டீனில் அவளே என் மேசைக்கு வந்தாள்.

"ஒங்களுக்கு நன்றி சொல்லணும் நப்லான்."

"எதுக்கு?"

"நடிக்காதீங்க. நான் எழுதின ஹெடர்ல நூத்துத் தொண்ணூறு பிழை. அடுத்த நாள் வந்து பாத்தா எல்லாம் சரி. நம்ம ரெண்டு பேரத் தவிர அந்த மெஷினத் தொடுறது யாரு? நான் சேர்ட்ட சொல்லப் போனேன். நீங்க வெக்கப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

பிளேன்டீ எனக்குப் புரையேறியது.

"அது மட்டுமா?" என்று சிரித்தாள். "பத்திரிகையில அவ்வளவு கிண்டல் பண்ணிட்டு, ஒவ்வொரு நாளும் அந்தக் கிழட்டு மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்து சலாத்துக்குப் பதில் சொல்றது. குரல்தான் கொஞ்சம் கட்டியிருந்திச்சி. ஒங்களுக்குத் தடிமனாக்கும்னு நெனச்சேன்."

நான் பல்லேபொலயிலிருந்து வருபவன். 8.05க்கு என் பஸ் மாத்தளை டவுனுக்கே வந்திருக்காது.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. மெஷினும் அவளுடன் வில்கமுவ போய்விட்டது. இருந்த இடத்தில் மேசை மட்டும் கிடக்கிறது.

இப்போது நான் முந்திய பஸ்ஸில் வருகிறேன். 8.05க்கு லேப் வாசலில் நிற்பேன். பதில் இன்றுவரை வரவில்லை. அவளுக்கு மட்டும் வந்திருக்கிறது, அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

இன்று காலையும் ரஜனி அக்கா அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்தேன். கதவைப் பாதி திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வாய்க்குள் மெதுவாகச் சொன்னேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."