காதுக்காரி மாற்றிய பாஸ்வேர்டு

அந்தத் தெருவில் அவளைக் காதுக்காரி என்றுதான் சொல்வார்கள். காலை எட்டு மணிக்கு ஹெட்போனைக் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் நோயாளி விவரங்களைக் கேட்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் டைப் செய்து கொடுப்பது அவள் வேலை. புருஷனை விட்டு வந்தபின் அம்மாவோடு மாடி அறையில் இருந்துகொண்டு ஒன்பது வருஷமாக அதைச் செய்கிறாள். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும். வைஃபை இணைப்பு அவள் பேரில். பாஸ்வேர்டு மட்டும் ஊர்ச்சொத்து.

ஒரு நாள் மத்தியானம் மேஜை மேலிருந்த பிரிண்டர் தானாக உறுமியது. ‘நல்ல நிலையில் உள்ள பைக் விற்பனைக்கு’ என்று முப்பது தாள்களைத் துப்பியது. யார் பைக்கோ, யார் நம்பரோ. முன்பின் தெரியாதவன் பிரிண்டர் வரைக்கும் வந்துவிட்டான். லேப்டாப்பும் அதே இணைப்பில்தான் இருக்கிறது.

தாள்களோடு கீழே இறங்கினாள். வாசல் ஷெட்டில் அண்ணன் நண்பர்களோடு கேரம் ஆடிக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே சுவரில், சாக்பீஸால் கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு.

“யாருண்ணா இதை எழுதினது?”

“நான்தான். வர்றவன் போறவன் எல்லாம் கேட்கிறான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.”

அவள் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தாள். மேலே போய், அம்மா பெயரும் பிறந்த வருஷமுமாக இருந்த பாஸ்வேர்டைத் தூக்கிவிட்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்து சொற்களைக் கோத்துப் போட்டாள். சற்று நேரத்தில் அண்ணன் தடதடவென்று படியேறி வந்தான்.

“புதுசு என்ன?”

“சொல்ல மாட்டேன்.”

“கூடப் பிறந்தவன்கிட்டயே ரகசியமா? இந்த வீட்டுக்கு மூத்தவன் நான்!”

“மூத்தவன்தான், யார் இல்லைன்னா? ஒருத்திக்குக் கரு கலைஞ்சது, ஒருத்தனுக்கு மனசு சரியில்லாதது, எல்லாத்தையும் நம்பி என்கிட்ட கொடுத்திருக்காங்க. அதை நீ கேரம் போர்டுல வச்சு ஆட விடமாட்டேன்.”

அண்ணன் அம்மா பக்கம் திரும்பினான். “உன் டேப்லெட்ல நெட் வருதே, நீயாவது சொல்லும்மா.”

“எனக்கென்னடா தெரியும்? அவ போன்ல ஒரு கறுப்புப் புள்ளிக் கட்டம் காட்டினா. நான் டேப்பை நேராப் பிடிச்சேன். அதுவா ஒட்டிக்கிச்சு.”

“சரி, டேப்பைக் கொடு. அதுலேருந்து நான் எடுத்துக்கறேன்.”

“என் விரலை வச்சாத்தான் திறக்கும்.” அம்மா இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டாள். “வைக்க மாட்டேன், போ.”

அன்று மாலையே அவள் ரவுட்டரில் வெளியாட்களுக்கென்று தனி வழி ஒன்றைத் திறந்தாள். அதில் வருகிறவர்களுக்கு நெட் கிடைக்கும். பிரிண்டரோ லேப்டாப்போ கண்ணில் படாது. அதற்கான கியூஆர் கட்டத்தை அச்சடித்து ஷெட்டில் ஒட்டினாள். “நான் என்ன விருந்தாளியா?” என்று அண்ணன் கிழித்தான். மறுபடி ஒட்டினாள். கிழித்தான். ஒட்டினாள்.

மூன்றாவது தாளுக்கு நேரே அண்ணி வந்து நின்று, எல்லோரும் பார்க்கத் தன் போனை நீட்டினாள்.

“நீயுமா?” என்றான் அண்ணன்.

“எனக்கு நெட் வேணும். உங்க ரோஷத்தை வச்சு நான் என்ன பண்றது?”

அதற்குப் பிறகு அவன் தாளைத் தொடவில்லை. தங்கையோடு பேசவும் இல்லை. சிக்னல் தேடித் தெருமுனையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஜன்னல் வழியே பார்க்கும்போது காதுக்காரிக்குப் பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் கூப்பிட்டுப் பாஸ்வேர்டைச் சொன்னதில்லை.