பொம்மைக்கு மாட்டிய பச்சை சட்டை

அந்த கடுக்கா பாய் கதைய கேளேன், முனிமா. நம்ம மலைக்கு பஸ்ஸே வராத காலம். தோலு பதப்படுத்த கடுக்கா வாங்க வாணியம்பாடியிலருந்து வருவாரு. எளவயசுல கடல் தாண்டி ஜாவாத் தீவுல கால்பந்து கிளப்பு ஒண்ணுல கோல் காத்தவராம்.

வந்தா கடுக்காய எடை போடமாட்டாரு. கிளப்பு எப்பிடி ஆரம்பிச்சாங்க, அங்க ஆண்ட டச்சுக்காரன் மைதானத்துல வுடாம எப்பிடி தொரத்துனான், அப்பறம் அவன் டீமையே எப்பிடி தோக்கடிச்சாங்கன்னு ஒரே கதை. எனக்கு கொல்லையில வேலை கெடக்கும். எரிச்சலா வரும்!

ஒரு ஐப்பசி மழையில நனைஞ்சி, பச்சை சட்டைய எங்கூட்டுல காயப்போட்டு மறந்துட்டுப் போய்ட்டாரு. முழங்கையெல்லாம் ஒட்டு. வேணாம்னு வுட்டுட்டாருன்னு நெனச்சி, சாமைக்கொல்லை பொம்மைக்கு மாட்டிட்டேன்.

அடுத்த வாரம் வந்தவரு அதப் பாத்து அப்பிடியே நின்னுட்டாரு.

"அந்த கிளப்புலருந்து எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான் தங்கச்சி."

எனக்கு ஒடம்பே கூசிப்போச்சி. கழட்ட ஓடுனேன்.

"இரு இரு. குருவி உள்ள வருதா?"

"ஒண்ணு கூட வரல பாய்."

சிரிச்சாரு பாரு! "நான் நின்னப்ப ஒரே ஆட்டத்துல ஏழு கோல உள்ள வுட்டேன். அறுப்பு வரைக்கும் இவனே நிக்கட்டும்."

ஜெயிச்ச கதையே சொன்ன மனுசன் அதுவரைக்கும் இத சொன்னதில்ல. "ஏழும் எப்பிடி பாய் போச்சி?"ன்னு அன்னிக்கி நானா கேட்டேன். வரப்புல உக்காந்து முழுசா கேட்டேன். அதுக்கப்பறம் யாரு கதை சொன்னாலும் எனக்கு எழுந்து போக மனசு வர்றதில்ல... அடியே, ஆடு அவுத்துக்கிச்சி! இரு, புடிச்சி கட்டிட்டு வர்றேன்.