செவ்வாயில் மறைந்த வெண்கட்டிகள்

எனக்கு ஒன்பது வயதாயிருந்த குளிர்காலத்தில், புலம்பெயர்ந்த நாட்டில், லிட்கம் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு தீர்ப்புகளுக்காகக் காத்திருந்தோம். செவ்வாயின் வடமுனைக்கு அருகே இறங்கியிருந்த விண்கலம் ஒன்று, தன் இயந்திரக் கையால் மண்ணைச் சுரண்டியபோது வெளிப்பட்ட வெண்பொருள் பனிக்கட்டியா உப்பா என்பது ஒன்று. அம்மாவின் தம்பியாகிய என் மாமா இந்நாட்டில் இருக்கலாமா, திருப்பி அனுப்பப்படுவாரா என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என நான் எண்ணியிருந்தேன். பனிக்கட்டி என்று முடிவானால் மாமா இருப்பார், உப்பென்றால் போய்விடுவார். இவ்வொப்பந்தத்தை நான் யாருடன் செய்துகொண்டேன் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆயினும் அதை மீற ஒருவராலும் இயலாது என்று உறுதியாக நம்பினேன்.

மாமா யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர். அவருடைய தமையனார், எங்கள் பெரிய மாமா, ஒருநாள் காலை சைக்கிளில் சந்தைக்குப் புறப்பட்டவர் திரும்பவேயில்லை. வழியில் அவரை யாரோ ஒரு வாகனத்தில் ஏற்றினார்கள் என்று கேள்வி. கண்டவர்கள் எவரும் வாய் திறக்கவில்லை. சில நாள்களில் மாமாவையும் தேடி வந்தார்கள். அவர் தப்பி எங்களிடம் வந்து சேர்ந்தார். தமையனார் கொண்டுசெல்லப்பட்டதற்குச் சான்று ஏதுமில்லை என்று அவருடைய முதல் விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. மறுவிசாரணை பக்கத்து நகரான பரமட்டாவில் நடக்கவிருந்தது. இவ்வளவையும் அம்மா சமைக்கும் குசினிக்கு வெளியே நின்றே அறிந்துகொண்டேன். தாழ்ந்த குரலில் பேசினால் பிள்ளைகளுக்கு விளங்காது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் அசையாத நம்பிக்கை.

வேலை செய்யும் அனுமதி மாமாவுக்கு இல்லை. ஆகவே அவர் செவ்வாயைத் தம் உத்தியோகமாக்கிக்கொண்டார். அம்மாவுக்குக் காய்கறி நறுக்கிக் கொடுத்துவிட்டுக் கணினியின் முன் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தால், அன்று வந்த படங்கள் அனைத்தையும் பார்த்த பின்னரே எழுவார். வார இறுதிகளில் பக்கத்து வீட்டு அங்கிளும் வந்துவிடுவார். அவர் தூத்துக்குடிக்காரர்; கணினிப் பொறியாளர்; மாமாவுக்கு நிகராக விண்வெளிப் பித்துக் கொண்டவர். ஆனால் அவர் உப்பின் கட்சி. அதனால் அவர் நல்லவர் என்று தெரிந்திருந்தும் அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் அவரோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

விண்கலம் அள்ளிய மண் சல்லடையில் ஒட்டிக்கொண்டு, கீழேயிருந்த சோதனை உலைக்குள் விழ மறுத்த நாளில் இருவரும் தேநீரை ஆறவிட்டு வாதாடினார்கள்.

"சார், எங்க ஊரு உப்பளத்துக்கு வந்து பாருங்க. மேல மண்ணு, கீழ வெள்ளை. இதேதான்."

"உங்கட ஊரில எல்லாம் உப்புத்தான், தம்பி. நீங்கள் வைக்கிற சாம்பாரும் அப்பிடித்தான். இந்த மண் ஏன் கட்டிபட்டது, சொல்லும் பாப்பம். மாவில தண்ணி கூடினாத்தான் கட்டிபடும். புட்டுக் குழைச்சவைக்குத் தெரியும்."

குசினியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நீ எப்பயடா புட்டுக் குழைச்சனி?"

அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா துணி காயப்போடச் சென்றிருந்தார். புதிய படம் வந்திருக்கிறதா என்று நானே கணினியில் பார்த்தேன். பழைய படத்தில், தோண்டிய பள்ளத்தின் நிழல் படிந்த மூலையில் தாயக்கட்டை அளவில் வெண்கட்டிகள் சில கிடந்தன. புதிய படத்தில் அதே பள்ளம், அதே நிழல், கட்டிகளைக் காணவில்லை. பனிக்கட்டி போய்விட்டது, ஆகவே மாமாவும் போகப்போகிறார்.

"மாமா, அது இல்லை! அது போயிட்டுது!" என்று அழுதபடி பின்முற்றத்துக்கு ஓடினேன்.

ஈரத் துணியைத் தோளிலேயே போட்டுக்கொண்டு உள்ளே வந்த மாமா இரு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வேலிக்கு மேலால் அங்கிளைக் கூவி அழைத்தார். "தம்பி, ஓடி வாரும்! உம்மட உப்பு ஆவியாப் போச்சுது!"

அங்கிள் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "ஆமா சார். உப்புன்னா அங்கேயேதான் கிடக்கணும். தோத்துட்டேன்."

என் அழுகை நிற்காததைக் கண்ட மாமா மண்டியிட்டு விளக்கினார். "உப்புக்குப் போக இடமில்லை, பிள்ளை. அங்க காத்து நல்ல மெல்லிசு. பனிக்கட்டி உருகித் தண்ணியாகாமல் நேரே காத்தோட போயிடும். அது போனதுதான் ஆதாரம்."

அது போனதுதான் ஆதாரம். எனக்கு உடனே எல்லாம் தெளிவாகிவிட்டது.

"அப்ப நாளைக்கு அதைச் சொல்லுங்கோவன், மாமா. பெரிய மாமாவும் இல்லைத்தானே. அதுதான் ஆதாரம் எண்டு."

மாமாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அங்கிள் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினியில் தண்ணீர்க் குழாயை அம்மா மூடிய ஓசை கேட்டது.

மறுநாள் பரமட்டாவில், மாமாவை உள்ளே விட்டு மூடிய கதவொன்றின் எதிரே வாங்கில் அமர்ந்திருந்தோம். அப்பா சுவரை வெறித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கை என் கைக்குள் ஈரமாயிருந்தது. இடையில் ஒருமுறை கதவு திறந்தபோது அம்மா பாதி எழுந்துவிட்டார். யாரோ ஒருவர் தண்ணீர் எடுத்துச் செல்ல வந்திருந்தார். எங்கள் மூவரில் நிம்மதியாக இருந்தவள் நான் ஒருத்தியே. பனிக்கட்டி என்று முடிவாகிவிட்டதல்லவா?

திரும்பும் ரயிலில்தான் அம்மா வாய் திறந்தார்.

"என்ன கேட்டவை?"

"அண்ணையைக் கொண்டு போனதுக்கு என்ன ஆதாரம் எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"பிள்ளை சொல்லித்தந்ததைத்தான். அவர் இல்லை, அதுதான் ஆதாரம். உப்பெண்டால் அங்கேயே கிடந்திருக்கும் எண்டும் சொன்னனான். மொழிபெயர்க்க வந்த மனுசி ரெண்டு தரம் கேட்டவ, உப்போ எண்டு."

"உமக்கென்ன விசரே?" என்றார் அப்பா. பெட்டியிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வழக்குக்கையோ செவ்வாயைக் கொண்டுபோனனீர்? இனி இந்த ஆள் பகிடி விடுதெண்டு எழுதப் போறாங்கள்."

மாமா சாளரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "விசாரிச்ச மனுசன் சிரிக்கேல்லை, அத்தான். பேனையை வைச்சிட்டு என்ர முகத்தைப் பாத்தவர்."

அன்றுதான் எனக்கு முதன்முறையாக அச்சம் வந்தது. மாமாவைக் காப்பாற்ற நான் சொன்ன சொல்லே அவரை அனுப்பிவிடுமோ? குளிர்காலம் முடியும்வரை வீட்டில் தொலைபேசி ஒலிக்கும்போதெல்லாம் அனைவரும் ஒருகணம் அசையாது நிற்போம். செவ்வாயின் வடமுனையில் வெயில் குறைந்துகொண்டே வந்தது; விண்கலத்தின் படங்களும் அருகின. மாமா அவற்றைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். நான்தான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

வேனிற்காலத்தில் ஒரு மாலை, வழக்கறிஞர் அழைத்தார். மாமா தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்டார். பின்னர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். இருக்கலாம்! அப்பா தம் வாழ்நாளில் முதன்முறையாக என்னைத் தோளில் தூக்கினார். "வெண்டிட்டம், வெண்டிட்டம்" என்று நான் கத்தினேன். ஓசை கேட்டு வந்த அங்கிள் செய்தியை அறிந்ததும் திரும்பி ஓடி, சற்று நேரத்தில் ஆவி பறக்கும் கேசரியுடன் வந்தார்.

மாமா தொலைபேசியை இன்னும் வைக்கவில்லை. தமிழ் தெரிந்த அவ்வழக்கறிஞரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணையைப் பற்றி என்ன எழுதியிருக்கினம்?"

மறுமுனையில் ஏதோ வாசிக்கப்பட்டது. "ஓம்" என்றார் மாமா. "ஓம். விளங்குது."

பின்னர் பின்முற்றத்துக்குச் சென்று, காயும் துணிகளுக்கு நடுவே எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அம்மா அவர் பின்னால் ஓடினார். இருவருடைய தோள்களும் குலுங்குவதைப் பார்த்தேன். மகிழ்ச்சியில் பெரியவர்கள் அழுவதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். இதுவும் அதுவே என்று கொண்டேன்.

அதுநாள்வரை பெரிய மாமாவைப் பற்றி வீட்டில் எவர் பேசினாலும் "வந்தால்" என்றே பேசினார்கள். அன்றைக்குப் பின் அச்சொல்லை எவரும் சொல்லவில்லை. அண்ணன் இல்லை என்று மாமா கூறியதை விசாரித்தவர்கள் ஒரு சொல் குறையாமல் நம்பி, அப்படியே தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். அதை அதுவரை முழுதும் நம்பாதிருந்தவர் மாமாவே. இது விளங்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அன்று நான் கேசரித் தட்டுடன் பின்வாசலில் நின்று, ஆறுகிறது, வந்து சாப்பிடுங்கோ என்று அவர்களை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.