பெட்டிக் கதவைத் திறந்துவிட்டு அப்பா காத்திருந்த நேரம்

இன்று முதலாண்டு நினைவு நாள் காணும் எங்கள் அப்பா யட்டியாந்தோட்டைக்கு அருகே ஓர் இறப்பர்த் தோட்டத்தில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தவர். பால் வெட்டியே தம்பி தங்கைகளைக் கரை சேர்த்தார்.

வயதான இறப்பர் மரங்களைத் தூளாக்கி, அழுத்தி, விறகுக்குப் பதிலாக எரிக்கும் பெலட் செய்யும் ஆலை தெஹியோவிட்டையில் வந்ததும் அப்பா அங்கே போனார். மூட்டைகள் அவிசாவளையில் ரயில் ஏறும், கொழும்பில் கப்பல் ஏறும். "நான் பால் வெட்டுன மரம் சீமைக்குப் போவுது. நான் இன்னும் கொழும்பத் தாண்டல" என்று சிரிப்பார்.

ஏற்றும் இடத்தில் அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பூட்டிக் கிடந்த ரயில் பெட்டிக்குள் பெலட் காற்றைக் கெடுத்துவிடும். அந்த நச்சுக்கு மணமும் கிடையாது. ஆகவே இரு பக்கக் கதவுகளையும் திறந்துபோட்டு, ஒரு வாய் வெற்றிலையை நிதானமாக மென்று துப்பிய பிறகுதான் ஆளை ஏற விடுவார்.

போன வருட மழையில் ஏற்றிய பெட்டி மூன்று நாள் பூட்டியபடியே நின்றது. மூட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓட்டுநர் "இக்மனட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். அப்பா ஒரு கதவைத் திறந்துவிட்டு, மறு பக்கக் கதவுக்குப் போகக் கிளம்பியபடியே வெற்றிலையை எடுத்தார். ஏற்றுமதிக்குப் பொறுப்பாக நின்றவன் நான்.

"வெத்தலய பொறகு போட்டுக்கங்கப்பா. கப்பலு நமக்காக நிக்காது."

"கொஞ்சம் பொறுடா."

நான் பொறுக்கவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் செல்லையாவை ஏறச் சொன்னேன். ஏறியவர் சத்தமில்லாமல் விழுந்தார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவரை வாசலுக்கு இழுத்துத் தள்ளிவிட்டுத் தானும் சாய்ந்தார். செல்லையா பிழைத்துக்கொண்டார். அப்பாவின் நெஞ்சு பிறகு தேறவே இல்லை.

விசாரணையில் அப்பா, "நான்தான் ஏறச் சொன்னேன்" என்றார். அவர் வேலை போனது. "கெழவன் அவசரப்பட்டு ஆளக் கொல்லப் பாத்துட்டாரு" என்று லயத்தில் பேசினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் அழுதபோது, "ஒனக்குப் புள்ளைக இருக்கு. பேசாம இரு" என்று வாயை அடைத்தார். இரண்டு மாதத்தில் இயற்கை எய்தினார். மாரடைப்பு என்றுதான் உங்களுக்கெல்லாம் சொன்னோம். அதுவும் உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை.

ஏறச் சொன்னவன் நான். என்னைப் பெற்றவரின் பெயரை ஒரு வருடமாக ஊர் வாயில் விட்டுவிட்டு ஒளிந்திருந்தேன். ஆலைக்கும் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய ரயில்வே ஊழியர்களுக்கும், கடைசிவரை கஞ்சி ஊட்டிய அத்தைக்கும், பாடையைத் தோளில் சுமந்த லயத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்லையா அண்ணே, அப்பா கேட்டுக்கொண்டதற்காக நீங்களும் வாய் திறக்கவில்லை. இனி நீங்கள் பேசலாம்.

வெற்றிலைப் பழக்கமே இல்லாத நான் இப்போது கதவுகளைத் திறந்துவிட்டு ஒரு வாய் போடுகிறேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இந்த ஒரு வருடத்தில் எந்த ரயிலும் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை.