ஜப்பான்காரர் நெற்றியில் இருந்த பொட்டு

பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதம் சொல்லாமல் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பிடித்துப் பேச்சு முடிந்தால்தான் இலையில் உட்காருவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் அப்புறம் மாற்றிப் பேச முடியாது. இப்போதெல்லாம் தேனியில் ஏதாவது ஓட்டலில் வைத்துப் பெண் பார்த்து, காப்பியும் குடித்துவிட்டு, பிறகு போனில் வேண்டாம் என்கிறார்கள். எட்டு வயதில் எனக்கு அந்தப் பழைய வழக்கத்தைவிடக் கொடுமையான சட்டம் உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. சம்மதம் சொல்லுகிற உரிமை பெரியவர்களுக்கு மட்டும். பாயச வாசனை எல்லாருக்கும் பொது.

அன்று அல்லிநகரத்திலிருந்து மயிலாடும்பாறைக்கு நாங்கள் பஸ் ஏறியது என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பெண் பார்க்க. பார்க்க என்பது பேச்சுக்குத்தான். மாமா அந்தப் பெண்ணை ஆண்டிபட்டிச் சந்தையில் முன்னமே பார்த்து, அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து இந்த ஏற்பாட்டைச் செய்ய வைத்திருந்தார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது தலையைச் சீவிக்கொண்டார்.

முடிவு சொல்ல வேண்டியவர் பெரிய தாத்தா. அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு அண்ணன். தாத்தா போன பிறகு குடும்பத்துக்குத் தலை. இளவயதில் தன் கடைசித் தம்பியைக் கூட்டிக்கொண்டு மலேயாவுக்குப் போய், ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர். உலகச் சண்டை முடிந்து தனியாகத் திரும்பியவர். அங்கே என்ன நடந்தது என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. ஜப்பான் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது, எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் நல்ல சாமான் என்றாலே ஜப்பான் சாமான்தான். மாமா ஆசையாக வாங்கிய ஜப்பான் கைக்கடிகாரத்தைச் சட்டைப்பையில் ஒளித்துவைத்து, தெருமுனை தாண்டித்தான் கையில் கட்டுவார். பெரிய தாத்தா தினமும் டீக்கடையில் உட்கார்ந்து கேட்ட ரேடியோவும் ஜப்பான்தான். அதை அவரிடம் சொல்லும் தைரியம் கடைக்காரருக்கும் இல்லை.

மயிலாடும்பாறையில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பெண் வந்து கும்பிட்டது. பெரிய தாத்தாவே இரண்டு வார்த்தை விசாரித்துச் சிரித்தார். பெண்ணின் தாத்தா, அப்படியென்றால் கை நனைக்கலாமா என்று கேட்டார். பெரிய தாத்தா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இலைகள் விழுந்தன. அப்பளக் கூடை என் கண்ணுக்குத் தெரிந்தது.

கை கழுவச் சொம்பை வாங்கியவர் சுவரைப் பார்த்தார். சாமி படங்களின் வரிசையில் ஒரு பழைய போட்டோ. பெண்ணின் தாத்தா வாலிப வயதில், காக்கி உடுப்போடு நிற்கிறார். பக்கத்தில் நாற்காலியில் ஒரு ஜப்பான் அதிகாரி, முழங்கால்களுக்கு நடுவே வாளை ஊன்றியபடி. வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்குப் பொட்டு வைத்த கை, அப்படியே நகர்ந்து அந்த அதிகாரிக்கும் வைத்திருந்தது. நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த வீட்டு உறவுக்காரர்களில் ஒருவர் என்றே நான் நினைத்தேன்.

பெரிய தாத்தா சொம்பைக் கீழே வைத்தார்.

"இந்த வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்."

தங்கள் பெண்ணிடம்தான் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமாவின் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்தியது. கடிகாரம்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்துவிட்டார் பாவம்.

பெரிய தாத்தா பார்த்த திசையைப் பார்த்து, பெண்ணின் தாத்தாவுக்கு விஷயம் விளங்கியது. அவரும் மலேயாவில் இருந்தவர். ஜப்பான்காரர்கள் துணையோடு வெள்ளைக்காரனை எதிர்த்த விடுதலைப் படையில் சேர்ந்தவர். பொறுமையாகவே பேசினார். வெள்ளைக்காரன் கையைத் தூக்கிக்கொண்டு சரணடைந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், நம்மைப் போன்ற ஆளுகளும் ஜெயிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாகவும் சொன்னார். காய்ச்சலில் கிடந்த தனக்கு மாத்திரை கொடுத்துப் பிழைக்க வைத்தவர் இந்த அதிகாரி என்றார்.

"உங்களுக்கு மாத்திரை குடுத்தான்," என்றார் பெரிய தாத்தா. "சயாம் காட்டுல ரயில் ரோடு போடக் கொண்டுபோனானே, அங்கன என் தம்பிக்கும் அதே காய்ச்சல்தான். படுத்துக் கிடந்தவனை மூங்கிக் கம்பால அடிச்சு எழுப்புனான். சாயங்காலம் அவன் எந்திரிக்கல."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ஜப்பான்காரன் நமக்காக வரவில்லை என்றார். வெள்ளைக்காரன் வைத்திருந்த ரப்பரும் எண்ணெயும் தனக்கு வேண்டும் என்று வந்தான். உங்களை விடுவிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டே நம்மாளை மண் சுமக்க வைத்தான் என்றார். படிப்பை ஐந்தாவதோடு விட்டவன் நான். சயாம் எந்தத் திசை என்று கேட்டால் இன்றைக்கும் திணறுவேன். அன்றைக்கு, இரண்டு தாத்தாக்களும் குரலை உயர்த்திச் சண்டை போடாததில் எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

ஆகவே அடுப்படிப் பக்கம் போனேன். யாரிடமும் எதுவும் கேட்கக் கூசுகிறவன் நான். ஆனால் பசிக்குக் கூச்சம் இல்லை. பெண்ணின் அத்தை பாயசப் பாத்திரத்தின் முன்னால் கலங்கிப்போய் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, முந்திரி தாராளமாக விழும்படி ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்து, அடியில் ஒட்டிய ஜவ்வரிசியை விரலால் வழித்தபடியே கூடத்துக்கு வந்தேன்.

அம்மா என் தலையில் குட்டுவதற்குள் அத்தை பின்னாலேயே வந்து நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக கை நனைச்சுட்டாக. இனி மாத்திப் பேசப்படாது."

எல்லாரும் மாப்பிள்ளை வீட்டுக்காரரை, அதாவது என்னைப் பார்த்தார்கள். என் கை மணிக்கட்டு வரை நனைந்திருந்தது. முதலில் சிரித்தவர் மாமா. பிறகு கூடமே சிரித்தது. "ஏலே, சம்மதம் சொல்ல உன்னையவா கூட்டியாந்தேன்?" என்றார் பெரிய தாத்தா. ஆனால் உதட்டோரம் லேசாக வளைந்திருந்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெண்ணின் தாத்தா ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டார். பேத்தியின் வாழ்க்கையைவிட இது பெரிதில்லை என்று படத்தைக் கழற்றப் போனார். பெரிய தாத்தா போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"படம் இருக்கட்டும் சம்பந்தி. உங்க உசிரைக் காப்பாத்துனது நெசம். அந்தப் பொட்டை மட்டும் அழிச்சிருங்க. மனுசனா இருந்துட்டுப் போகட்டும்."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பெண்ணின் அம்மா இலைகளுக்குத் தண்ணீர் தெளிக்க ஓடினார். மாமா சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார்.

பெண்ணின் தாத்தா ஈரத்துணியை வாங்கிப் பொட்டைத் துடைத்தார். குங்குமம் போயிற்று. சந்தனமும் போயிற்று. அதன் பிறகும் அவர் இறங்கவில்லை. அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கீழே ஸ்டூலைப் பிடித்தபடி நின்ற பெரிய தாத்தாவும் போதும் என்று சொல்லவில்லை.

எத்தனை காலத்து அழுக்கோ என்று நினைத்துக்கொண்டு நான் இலையில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு பேரும் வராமல் பரிமாற மாட்டார்களே என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை.