கரடி நின்ற இடம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வழக்கம்போல புஷ்பாவின் நெட் கஃபேக்குள் நுழைந்தேன். கம்ப்யூட்டர் திரையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. புஷ்பாவுக்கு முன்னால், சரியாக நான் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு கரடி நின்றது.

என்னைவிட நன்றாகவே நின்றது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆன்லைன் கேம் ஆடும் பழக்கம் உண்டு. நாற்பது வயதில், தேயிலைத் தோட்ட ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஒருவனுக்கு இது தேவையா? இதை வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டாம்.

இது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடுகிற கேம். ஆளுக்கொரு வேடம். அதற்கு ‘கிளாஸ்’ என்று பெயர். நான் கேடயக்காரன். முன்னால் நின்று அடி வாங்குவது என் வேலை. புஷ்பா வில்லாளி. தூரத்தில் நின்று அம்பு விடுவார். ஆனால் யாராவது நெருங்கி இரண்டு அடி போட்டால் ஆள் காலி. மூன்றாவது ஆள் சிவநேசன் சேர். அவர் வைத்தியர். எங்கள் காயத்தை ஆற்றுவார்.

நிஜத்தில் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் கணக்குப் படிப்பிக்கிறார். குடும்பம் ஊரில் இருக்கிறது, இவர் இங்கே ஒரு வாடகை அறையில். புஷ்பாவுக்கு முப்பது வயதிருக்கும். பேக்கரிக்கு மேல்மாடியில் நான்கு கம்ப்யூட்டர்கள், ஒரு ஃபோட்டோகாப்பி மெஷின் — அதுதான் அவர் கடை. மூன்று வருடமாக, சனிக்கிழமை என்றால் நாங்கள் மூவரும் ஒரு அணி.

அப்போதுதான் கேம் கம்பெனி புதிதாக ஒரு கிளாஸை இறக்கியது. ‘பெட்’ கிளாஸ், வளர்ப்பு மிருகத்தோடு வரும் வேடம். இதை எடுப்பவருக்கு ஒரு கரடி கிடைக்கும். கரடி முன்னால் நின்று அடி வாங்கும். காயம் பட்டால் வளர்ப்பவரே தடவிக்கொடுத்து ஆற்றிவிடலாம். பின்னால் நின்று அம்பும் விடலாம். அதாவது... நான், சேர், பழைய புஷ்பா — மூன்று பேரும் ஒரே ஆளுக்குள். புஷ்பா அதற்கு மாறிவிட்டிருந்தார்.

அதற்கு முன்பெல்லாம் கேடயக்காரன் வருகிறான் என்றால் போட்டி போட்டு அழைப்பார்கள். இப்போது கேமில் உள்ள நகரத்து வாசலில் கேடயக்காரர்கள் வரிசையாக நின்று, “ஆள் வேண்டுமா?” என்று கேட்கிறார்கள். கரடிகள் திரும்பிப் பார்க்காமல் போகின்றன.

“என்ன புஷ்பா, நாங்க இல்லாமலே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்றேன்.

“ஆமாண்ணே. உக்காருங்க, இது முடிஞ்சதும் வாரேன்.”

முடியவில்லை. ஒரு குகை முடிந்தால் அடுத்த குகை. பக்கத்து நாற்காலியில் இருந்த சேர், நகரத்து வாசலில் வழியில் போகிற புது ஆட்களுக்கெல்லாம் சும்மா வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குக் கோவம் வரலையா சேர்?”

“கோவிச்சு என்ன செய்யிறது தம்பி? என்ரை வேலையை இப்ப புஷ்பாப் பிள்ளையே செய்யிறா. அதுக்காக நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கேலாது தானே.”

எனக்குக் கோபம் வந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் கம்பெனிக்கு ஒரு நீண்ட புகார் எழுதினேன். சாரம் ஒரே வரிதான்: கரடியின் பலத்தைக் குறையுங்கள். அதன்பின் இரண்டு சனிக்கிழமை கடைப் பக்கமே போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நானே போனேன். வெளியே நல்ல மழை, கடையில் வேறு ஆளில்லை. புஷ்பா ஃபோட்டோகாப்பி மெஷினுக்குப் பேப்பர் போட்டுக்கொண்டிருந்தார்.

“கரடி வந்ததும் எங்களத் தூக்கிப் போட்டுட்டீங்கல்ல?” என்றேன்.

பேப்பர் கட்டைக் கீழே வைத்தார்.

“அண்ணே, ரெண்டு மணிக்கு வாரேன்னு சொல்லுவீங்க. நாலு மணிக்கு வருவீங்க. கேட்டா நோட்டன் பிரிட்ஜ் பஸ் லேட்டும்பீங்க. சேருக்கு பரீட்சை பேப்பர் திருத்தணும்னா அந்த வாரமே வரமாட்டாரு. கம்ப்யூட்டர் எல்லாம் என் கடையிலதான் இருக்கு. ஆனா மூணு வருஷமா நான் மட்டும் கேம்ல அந்த நகரத்து வாசல்லயே நிப்பேன். தனியா வெளிய போனா ஒரு ஓநாய் போதும், செத்துருவேன். கரடி கூப்பிட்ட ஒடனே வருதுண்ணே. நான் என்ன செய்ய?”

பாதி நாள் பஸ் லேட் என்பது உண்மை. மீதி நாள் நான்தான் லேட். நாம் போகாமல் அங்கே எதுவும் தொடங்காது என்கிற நினைப்பு நடையை எவ்வளவு மெதுவாக்கிவிடுகிறது, பாருங்கள்!

நம்மை நம்பி ஒருவர் இருக்கிறார் என்று பெருமைப்படுகிறோம். அந்த ஒருவர் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருக்கிறார் என்று பார்க்கிறோமா?

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நான் போட்ட புகார் ஒன்று இருக்கிறதே... என்னைப் போலவே ஊரூராக எழுதியிருக்கிறார்கள். போன வாரம் கம்பெனி கரடியின் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. நான் போனபோது புஷ்பா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கரடி நான்கே அடியில் விழுந்து கிடந்தது.

“கேடயக்காரங்க எல்லாம் எழுதிப் போட்டாங்களாம். நீங்களும் எழுதுனீங்களாண்ணே?”

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

“எழுதுனேன்.”

அவர் சத்தம் போடவில்லை. “பாவம், அது என்னாண்ணே செஞ்சிச்சு உங்கள?” என்று மட்டும் கேட்டார்.

சத்தம் போட்டிருக்கலாம்.

சேர்தான் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். “கொஞ்சம் பொறுங்கோ பிள்ளை” என்று சொல்லிவிட்டு, விழுந்த கரடிக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கரடி எழுந்து உடம்பை உதறியது. புஷ்பா வில்லை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வாரீங்களாண்ணே? அது ஒத்தையா தாங்காது” என்றார்.

நான்கு பேராகக் கிளம்பினோம்.

குகைக்குள் போனதும் சேரிடம் மெதுவாகக் கேட்டேன், மனுசருக்குப் பார்த்த வைத்தியத்தை மிருகத்துக்குப் பார்ப்பது கஷ்டமாக இல்லையா என்று.

“உங்களைவிட இது சுகம் தம்பி” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சொன்ன இடத்திலை நிக்குது.”

நானும் அன்றைக்குச் சொன்ன இடத்திலேயே நின்றேன்.