ஏழாம் வண்டிக்கான பதில்

எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் வயர்லெஸ் அறையின் ஜன்னலுக்கும் நடுவே ஒரு முருங்கை மரமும் துணி உலர்த்தும் கம்பியும் மட்டுமே இருந்தன. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையோரம் நின்ற அந்தப் புறக்காவல் நிலையத்தின் பின்புறத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய சிறு குடியிருப்புகளில் இரண்டாவது எங்களுடையது. என் கணவர் நெடுஞ்சாலை ரோந்து ஜீப்பின் ஓட்டுநர். முதல் வீட்டில் வயர்லெஸ் ஆபரேட்டர் தம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். எண்பதுகளின் பிற்பகுதி அது. மணமாகி வேப்பம்பட்டிலிருந்து வந்தபோது எனக்குப் புத்தகங்களின் துணைதான் அதிகம் பழக்கம். அங்கே வந்தபின் வயர்லெஸ் பெட்டியின் கரகரப்பும் பழகிப்போனது. கிளை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலை அடுப்பருகே விரித்து வைத்திருப்பேன். கண்கள் அதன் வரிகளில் இருக்கும், காதுகள் ஜன்னலில் இருக்கும்.

மைக்கில் எந்த மனிதருக்கும் பெயர் கிடையாது. வண்டிகளுக்கு எண்கள் இருந்தன. அந்த எண்களே உள்ளிருந்தவர்களின் பெயர்கள். என் கணவர் ஏழு. நடந்தவற்றுக்கும் எண்கள் உண்டு. மூன்று என்றால் விபத்து. ஐந்து என்றால் அந்த விபத்தில் உயிர் போயிருக்கிறது. அந்த எண்களை எந்த வண்டிக்கும் வைப்பதில்லை. சாலையில் கூடி நிற்கும் உறவினர்களின் காதில் அந்தச் சொல் அப்படியே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் என்று என் கணவர் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்குக்கூட அதன் பொருள் தெரியும். முருங்கை மரத்தடியில் ஒரு நாள் அணிற்பிள்ளை ஒன்று விறைத்துக் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்த என் மகள், "அம்மா, அங்க ஒரு ஐந்து" என்றாள். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கவில்லை.

விளக்கேற்றும் வேளையில் ரோல் கால் நடக்கும். கன்ட்ரோல் அறை ஒவ்வொரு வண்டியாக அழைக்கும். வண்டி தன் எண்ணையும் நிற்கும் இடத்தையும் சொல்லி, நலம் என்று முடிக்க வேண்டும். என் கணவரின் ஜீப் அந்நேரத்தில் நாசரேத்பேட்டைப் பக்கத்துக் கூட்டுரோட்டில் வந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் அது வந்திருக்காது. மேற்கே ஏரிக்கரையை ஒட்டிச் சாலை தாழ்ந்து போகும் ஓரிடம் உண்டு. பள்ளம் என்றே எல்லோரும் சொல்வார்கள். அங்கே அச்சு முறிந்த லாரி ஏதாவது வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் ஜீப்பிலிருக்கும் வயர்லெஸ் செட் ஊமையாகிவிடும். உயர்ந்த கரை அலையை மறித்துக்கொள்ளும்.

பதில் வராத வண்டிக்கு மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனால் எங்கள் ஆபரேட்டர் தாமே பதில் சொல்லிவிடுவார். "ஏழு, கூட்டுரோடு, நலம், ஓவர்." இவர் மட்டுமல்ல, அந்தச் சாலை நெடுகிலும் ஆபரேட்டர்கள் தங்கள் வண்டிகளுக்காக இப்படிச் சொல்வது வழக்கம்தான். தொடக்கத்தில் ஜீப்பின் குரல் மங்கலாகவேனும் கேட்டபிறகு சொல்லியிருப்பார்கள். நான் அங்கே போன காலத்தில், கேட்பது நின்றுபோய்ச் சொல்வது மட்டும் மிஞ்சியிருந்தது.

காலைத் தேநீரின்போது ஆபரேட்டரும் என் கணவரும் இதை வைத்தே ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். ஆபரேட்டர் சென்னையின் பாடிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். மைக்கில் அளந்து பேசும் அவர், கீழே வைத்ததும் தம் தெருவின் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்.

"இன்னா அண்ணாத்தே, பள்ளத்துல ஊடு கீடு கட்டிகினியா? டெய்லி உனுக்கு நான்தான் நலம் சொல்லிகினு கீறேன்."

"சொல்றதுதான் சொல்ற, கொஞ்சம் கம்பீரமா சொல்லு நைனா. என் குரல் மாதிரி இருக்கட்டும்."

"உன் குரல்ல பேசுனா கன்ட்ரோல்ல லாரி ஆரன்னு நெனச்சிகினு ஒதுங்கிப்பாங்க."

ஒரு தடவை நான் கேட்டேன்: "ஆளு எப்படி இருக்காங்கன்னு கேக்காமலே நலம்னு சொல்றீங்களே, தம்பி?"

"நீங்க வேற, அண்ணி. சொல்லாங்காட்டி அண்ணாத்தேக்கு மெமோ வரும். அந்தப் பள்ளத்துல செட்டு எடுக்கலன்னு எத்தினி வாட்டி எய்திப் போடறது? ஒருத்தரும் கண்டுக்கல."

"விடு," என்றார் என் கணவர், டம்ளரைக் கவிழ்த்தபடி. "அவன் சொன்னா நான் சொன்ன மாதிரிதான்."

ஐப்பசி அடைமழை பிடித்திருந்த ஒரு நாள், என் கணவரோடு செல்ல வேண்டிய ஏட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போயிருந்தார். இவர் தனியாகவே ஜீப்பை எடுத்துச் சென்றார். மாலை முழுவதும் மழை விடவில்லை. ரோல் காலின் கரகரப்பு முருங்கை இலைகளின் ஈரத்தைத் தாண்டி வந்தது. நான்கு, ஆறு என்று எண்கள் போயின. ஏழுக்குப் பதில் இல்லை. இரண்டாம் முறை அழைத்தார்கள். பிறகு பக்கத்து ஜன்னலிலிருந்து அந்தப் பழகிய குரல்: "ஏழு, கூட்டுரோடு, நலம், ஓவர்."

அது என் கணவரின் குரல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆயினும் என்றும்போல் அன்றும் அதை நம்பினேன். விளக்கேற்றினேன். மழைக்கு இதமாக இருக்கட்டும் என்று மிளகு ரசம் வைத்தேன். அவருக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தேன். மகள் ஈரச் சுவரில் விரலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் இல்லறத்தில் முழு நிம்மதியோடு கழிந்த கடைசிப் பொழுது அதுதான். அதை எனக்குத் தந்தது அந்தப் பொய்.

மகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது பெட்டியில் நான்காம் வண்டியின் குரல் வந்தது. ஏரி மதகைப் பார்க்கப் போன விவசாயிகள் சாலையில் நின்று வண்டியை மறித்தார்களாம். பள்ளத்தையொட்டிய கால்வாயில் ஒரு ஜீப் கவிழ்ந்து கிடக்கிறது என்றது அந்தக் குரல். சிறிது இடைவெளி. பிறகு, "ஏழு. ஐந்து. ஓவர்" என்றது.

வயர்லெஸ் அறையில் நாற்காலி ஒன்று தரையில் சரிந்து விழும் ஓசை கேட்டது. மகள் வாயிலிருந்த சோற்றை விழுங்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜீப் கால்வாய்க்குள் போனது பொழுது சாய்வதற்கு முன்பே என்று அந்த விவசாயிகள் சொன்னார்கள், எஞ்சின் சில்லிட்டுப்போயிருந்ததாம். கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை. பதில் வரவில்லை என்று தெரிந்திருந்தால் நான்காம் வண்டி அப்போதே தேடிப் போயிருக்கும் என்பதை மட்டும், கேட்காமலே குடியிருப்பில் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள்.

காரியம் முடிந்த சில நாட்களில் விசாரணைக்கு ஓர் ஆய்வாளர் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரோல் கால்ல ஏழு கூட்டுரோட்டுல இருந்ததா பதிவாகியிருக்கு. அப்புறம் எதுக்குத் திரும்பப் பள்ளத்துப் பக்கம் போனாரு? அதுவும் தனியா?"

"தெரியலைங்க."

"விவசாயிங்க சொல்றதை மழைக்காலத்துல எப்படி எடுத்துக்கறது? எஞ்சின் சீக்கிரமே ஆறிடும். அவரு குடிப்பாரா? அந்தப் பக்கம் யாரையாவது பாக்கப் போவாரா?"

இறந்தவருக்காகச் சொல்லப்பட்ட ஒரு நலம், அவரைப் பணியிடத்தை விட்டு ஓடியவராக ஆக்கிக்கொண்டிருப்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாத மனிதர் அவர். இனி அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அவர் மகள் வளரும்போது அவளுடைய காதில் விழப்போவதும் அதுதான்.

ஆய்வாளர் போனபின் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். ஆபரேட்டர் எழுந்து நின்றார். அந்தச் சில வாரங்களில் அவர் முகம் ஒடுங்கிப்போயிருந்தது.

"நான் போய்ச் சொன்னா, புருஷன் செத்த துக்கத்துல யார் மேலயோ பழி போடறான்னு நெனச்சுப்பாங்க," என்றேன். "நீங்கதான் சொல்லணும், தம்பி."

அவர் தலை குனிந்தார். "சொன்னா என்னைத் தூக்கிடுவாங்க, அண்ணி."

உள்ளிருந்து குழந்தையைத் தோளில் போட்டபடி அவர் மனைவி வந்தாள். "அக்கா, போனவரு போய்ட்டாரு. இவரையும் சேத்து இழுத்தா அவரு திரும்பி வந்துடுவாரா? அண்ணாத்தேக்காகத்தான வாயத் தொறந்தாரு? பாவம் பாத்ததுக்கு இதுதான் கூலியா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. திரும்பி வந்தேன். அதன்பின் அந்த வாசலுக்கு நான் போகவில்லை, ஆய்வாளரிடமும் போகவில்லை. ஆபரேட்டரே சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு நாவலில் பாத்திரம் ஒன்று பேசுவதற்காகப் பக்கம் பக்கமாகக் காத்திருப்பது எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அந்த நாட்களில் எந்தப் புத்தகத்தையும் என்னால் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு மாலையும் அவர் குரல் என் சமையலறைக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. புது ஜீப் வந்தது, புது ஓட்டுநர் வந்தார்; அதற்கும் ஏழு என்றே எண் கொடுத்தார்கள்.

ஒரு மாலை ரோல் காலில் அந்தப் புதிய ஏழு பதில் சொல்லவில்லை. பள்ளத்தில் இருந்திருக்கும். கன்ட்ரோல் இரண்டாம் முறை அழைத்தது. ஜன்னலில் சத்தமில்லை. மூன்றாம் முறை எங்கள் நிலையத்தையே அழைத்தார்கள்: "ஏழு நிலவரம் சொல்லுங்க, ஓவர்."

மைக்கின் பொத்தான் அழுந்தும் ஓசை கேட்டது. அந்தச் சாலையில் இருந்த எல்லா வண்டிகளும் எல்லா நிலையங்களும் அந்நேரம் காது கொடுத்திருந்தன. அவர் மைக்கில் பேசும் அளந்த தமிழைக் கைவிட்டிருந்தார்.

"ஏழு எங்க கீதுன்னு எனுக்குத் தெர்யாது. அன்னிக்கும் தெர்யாது. அன்னிக்கி நலம்னு சொன்னது நான்தான், அண்ணாத்தே இல்ல. ஓவர்."

பிறகு கன்ட்ரோல் அடுத்த எண்ணை அழைத்தது.

விசாரணை திசை மாறியது. என் கணவர் பணியின்போது, தமக்குரிய பாதையில் இறந்தார் என்று எழுதினார்கள். ஆபரேட்டரை வேலையிலிருந்து நீக்கவில்லை. தண்டனை கொடுத்துத் தெற்கே ஏதோ ஒரு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிய காலையில் நான் வாசலில் நின்றேன். அவர் கைகூப்பினார். அவர் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. கம்பியில் மறந்துபோயிருந்த குழந்தையின் சட்டை ஒன்றை எடுத்துப்போய் நீட்டினேன். வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினாள். அவளை நான் என்றும் குறை கூறியதில்லை.

கருணை அடிப்படையில் ஆவடியில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்து, அம்பத்தூரில் வீடு பார்க்கும்வரை சில மாதங்கள் அந்தக் குடியிருப்பிலேயே இருக்க அனுமதித்தார்கள். அதற்குள் சாலை நெடுகிலும் கண்டிப்பான உத்தரவு வந்துவிட்டது. எந்த நிலையமும் எந்த வண்டிக்காகவும் பதில் சொல்லக் கூடாது. பதில் இல்லையென்றால் பதில் இல்லை என்றே பதிய வேண்டும். அருகிலுள்ள வண்டி தேடிப் போக வேண்டும். பள்ளத்தில் செட் எடுக்காததற்கு மட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை.

புது ஓட்டுநரின் மனைவி முதல் வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். மணமாகிச் சில மாதங்களே ஆனவள். ஒரு மாலை ஏழாம் வண்டியை அழைத்தபோது பெட்டி வெறுமே இரைந்தது. அவள் முருங்கை மரத்தடிக்கு வந்து நின்றாள். கையில் தீப்பெட்டி இருந்தது.

"இன்னாக்கா, ஒண்ணும் சத்தத்தையே காணோம்?"

"பள்ளத்துல இருப்பாரு. ஏறட்டும்."

"முன்னெல்லாம் யாராச்சும் சொல்லிடுவாங்களாமே?"

நான் கம்பியில் கிடந்த துணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒருவேளை யார் வீட்டு முற்றத்தில் நின்று அதைக் கேட்டோம் என்பது அவளுக்கு நினைவு வந்திருக்கலாம். இருவரும் ஜன்னலைப் பார்த்தபடி நின்றோம். சாலையில் லாரிகள் விளக்குகளைப் போட்டுக்கொண்டு கடந்தன. இருட்டு முற்றிலும் கவிந்தபிறகு பழக்கமில்லாத முரட்டுக் குரல் ஒன்று, ஜீப்பிலிருந்து தானே, "ஏழு, கூட்டுரோடு, நலம்" என்றது. அவள் விளக்கேற்ற உள்ளே ஓடினாள்.

நானும் என் வீட்டு விளக்கை ஏற்றப் போனேன்.